மூன்றாவது மாடி எறும்புகள்: மடிப்பாக்கம் அடுக்ககம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அக்டோபர் இரண்டாம் வாரம். முதல் பெருமழை விட்ட மறுநாள் காலை ஏழு மணிக்கே போன். "ஏம்பா, தூளிக் கயித்துல எறும்பு ஏறறது. கொழந்தை பொறந்து நாப்பது நாள்தான் ஆறது. இன்னைக்கே வந்துடு." பேசியவர் மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடி மாமி. பூச்சிக் கட்டுப்பாட்டு வேலையில் எனக்கு 16 வருடம். கரப்பானுக்கும் எலிக்கும் பதறுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். எறும்பு என்றால் மட்டும் "வரும்போது அதையும் கொஞ்சம் பாத்துடுங்க" என்பார்கள். இந்தக் குரல் அப்படி இல்லை.

கட்டடம் ஏரியிலிருந்து அதிக தூரமில்லாத தெருவில் இருக்கிறது. கீழே கார் நிறுத்தம், மேலே மூன்று மாடி, மாடிக்கு நான்கு வீடு. கட்டி 14 வருடம் ஆகிறது. கிழக்கே காம்பவுண்டை ஒட்டி ஒரு முருங்கையும் வரிசையாகச் செம்பருத்தியும். மேற்கே குளியலறைக் குழாய்கள் எல்லாம் இறங்கும் டக்ட்.

நான் போவதற்கு முன்பே இரண்டு முறை மருந்து அடித்திருந்தார்கள், ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. செயலாளர் சார் நோட்டுப் போட்டுக் குறித்து வைக்கிறவர், அது எனக்குப் பெரிய உதவி. முதலில் எறும்பு இருந்தது மாமி வீட்டில் (3பி) மட்டும். முதல் மருந்துக்குப் பிறகு எட்டு நாள் அமைதி. பிறகு 3பி-யிலும் பக்கத்து 3ஏ-யிலும். இரண்டாவது மருந்துக்குப் பிறகு பத்து நாள் அமைதி. பிறகு கீழ்மாடி 2பி-யும் சேர்ந்துகொண்டது. அதற்குள் வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பும் ஆகியிருந்தது: 2பி-யில் புதிதாகக் குடிவந்த பையன்கள் மீன் சமைக்கிறார்கள், குப்பையைச் சரியாகக் கட்டுவதில்லை, அங்கிருந்துதான் எல்லாம் ஏறி வருகிறது. தேதிகளை வரிசையாகப் படித்தாலே அது தவறு என்று தெரிந்திருக்கும். எறும்பு மேலிருந்து கீழே இறங்கியிருக்கிறது. ஆனால் எறும்பு வந்தால் ஓட்டையைத் தேடுவதற்கு முன் ஆளைத் தேடுவது நம் ஊர் வழக்கம்.

தூளியைத்தான் முதலில் பார்த்தேன். எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் மஞ்சள் பொடி, கட்டில் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம், வாசற்படியில் எறும்பு சாக்பீஸ் கோடு. எறும்பு வரிசையோ கூரையிலிருந்து இறங்கியது. பக்கத்தில் மின்விசிறிக்கு ஒயர் வரும் குழாய் வாய் திறந்திருந்தது. அதிலிருந்து புறப்பட்டு, தூளிக் கொக்கியைப் பிடித்து, கயிறு வழியாகப் பால் வாடை அடித்த துணிக்கு வந்துகொண்டிருந்தன. துணியை வெந்நீரில் அலசச் சொன்னேன். இரும்புக் கொக்கியைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வாசலின் தடவினேன். அன்று ராத்திரிக்கு அது போதும். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மருந்து அடிக்கலையா?" இல்லை மாமி, இன்னைக்கு யாரும் எதுவும் அடிக்கக் கூடாது.

எந்த எறும்பு?

பெயர் தெரியாமல் மருந்து எடுப்பது, காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் ஊசி போடுவது மாதிரி. சென்னையில் ஒரு கட்டடத்தில் நாலைந்து வகை எறும்பு சர்வசாதாரணமாக இருக்கும். ஒன்றுக்குச் சரியான வைத்தியம் இன்னொன்றுக்கு விஷயத்தைக் கெடுத்துவிடும்.

இரவு எட்டு மணிக்கு, பழைய விசிட்டிங் கார்டுகளில் பாதியில் சர்க்கரைப் பாகும் பாதியில் வேர்க்கடலை விழுதும் வைத்து 24 இடங்களில் போட்டேன். வழக்கமாக வேகவைத்த முட்டை மஞ்சள் கருவும் வைப்பேன். மாமி வீட்டில் அதற்கு அனுமதி இல்லை. 2பி பையன்கள் கருவாடே கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஒவ்வொரு கார்டாகப் பார்த்து, எறும்புகளைச் சின்னக் குப்பியில் ஸ்பிரிட் விட்டு எடுத்துக்கொண்டேன். நகைக்கடையில் வைத்திருப்பார்களே, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், அதுதான் என்னிடம் உள்ள ஆய்வுக்கூடம்.

மூன்று வீட்டுக்குள்ளும் கிடைத்தது ஒரே எறும்பு. சுமார் 2 மில்லிமீட்டர் நீளம், மஞ்சள் கலந்த பழுப்பு, வயிற்று நுனி மட்டும் கருமை. முதலில் 'பேய் எறும்பு' என்றுதான் நினைத்தேன், அதுவும் இதே மாதிரி பொடிசுதான். ஆனால் பேய் எறும்புக்குத் தலை கறுப்பு, வயிறு கிட்டத்தட்டக் கண்ணாடி போல் வெளிறியிருக்கும். விரலில் நசுக்கினால் அழுகிய தேங்காய் வாடை வரும். இதில் வரவில்லை. லென்ஸில் பார்த்தால் இடுப்பில் இரண்டு முடிச்சு, உணர்கொம்பில் 12 கணு, கடைசி மூன்று கணு தடித்துக் கதாயுதம் போல இருந்தது. பாரோ எறும்பு. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸ் 1758-லேயே எகிப்திலிருந்து வந்ததாகப் பெயர் வைத்த எறும்பு. இன்று உலகம் முழுக்கக் கட்டடங்களுக்குள் வாழ்கிறது. மருத்துவமனைகளுக்கு இது பெரிய தலைவலி. புண் கட்டுக்குள்ளேயே புகும், கிருமிகளையும் சுமக்கும். மாமியின் பதற்றம் நியாயமானது என்பது அப்போதுதான் எனக்கே முழுதாக உறைத்தது.

கீழே கார் நிறுத்தத்தில் மின் மீட்டர் பலகை அருகே கிடைத்தது வேறு. செம்பழுப்பு, ஒரே வரிசையில் பொடிசும் பெரிசும் கலந்து, சிலவற்றுக்கு உடம்புக்குப் பொருந்தாத சதுரத் தலை. உணர்கொம்பில் 10 கணு, நுனியில் இரண்டு மட்டும் தடிப்பு. நெருப்பெறும்பு. வாட்ச்மேன் அண்ணன் லுங்கியைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார். எனக்கு லென்ஸே தேவைப்பட்டிருக்காது.

மொட்டை மாடியிலும் காம்பவுண்டு மேலும் ஓடியவை மூன்றாவது வகை. கறுப்பு, நீளக் கால், திசை தெரியாதது போல் தாறுமாறான ஓட்டம். பெரியவர்கள் பிள்ளையார் எறும்பு என்று விட்டுவிடுகிறவை. நானும் விட்டுவிட்டேன்.

முதல் மாடி சார் ஒருவர், 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலையைச் சுற்றிய கிராமங்களில் ஆடு மாடுகளைப் பாடாய்ப் படுத்திய மஞ்சள் எறும்பு இதுதானா என்று கேட்டார். இல்லை. அது இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளம், காட்டிலும் தோட்டத்திலும் பெருகும் ஜாதி. நம்முடையது சுவருக்குள் குடும்பம் நடத்துகிற ஜாதி.

அடிக்க அடிக்க ஏன் பரவியது

பாரோ எறும்புக் கூட்டத்தில் ராணி ஒன்று அல்ல, பல. அவை பறந்து போய் ஜோடி சேர்வதில்லை. கூட்டம் பெருகும்போதோ ஆபத்து வரும்போதோ ஒரு சில ராணிகள், கொஞ்சம் வேலைக்காரிகள், கை நிறையக் குஞ்சு குளுவான் என்று ஒரு பங்கு பிரிந்து நடந்தே போய்ப் புதுக் குடித்தனம் வைத்துவிடும். ராணி கூட வராவிட்டாலும், கொண்டுபோன புழுக்களிலிருந்து புது ராணியை வளர்த்துக்கொள்ளும். வெளியே கோடு போட்டுத் திரிவது கூட்டத்தில் சிறு பங்குதான். ஸ்பிரே அந்தச் சிறு பங்கைக் கொன்று, மிச்சத்தை விரட்டுகிறது. ஒரு கூடு மூன்றாகிறது. செயலாளர் நோட்டில் இருந்த எட்டு நாள், பத்து நாள் அமைதி எல்லாம் வீடு மாறுகிற நேரம்.

இதை விளக்கியபோது முதல் மாடித் தாத்தா ஒருவர், "அந்தக் காலத்து கமாக்சின் பவுடர் ஒரு பிடி போட்டா போதும், இப்ப உங்ககிட்ட அதெல்லாம் இல்லையா?" என்றார். தாத்தா, அந்தப் பூச்சிமருந்து இந்தியாவில் 1997-லேயே தடையாகிவிட்டது. மண்ணில் வருஷக்கணக்கில் தங்கி, தாய்ப்பாலிலும் கலக்கிற சரக்கு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம்.

சுவருக்குள் போன வழி

கோட்டை அழிக்காமல் இரண்டு மாலை அதன் கூடவே இருந்தேன். சமையலறையில் சிங்க்குக்குப் பின்னால் புறப்பட்டு, கடப்பாக்கல் மேடையின் கீழ்விளிம்பு வழியாக, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள சுவிட்ச் பலகைக்குள் நுழைந்தது. எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மெயினை அணைத்து, பலகையைக் கழற்றச் சொன்னேன். அணைக்காமல் யாரும் இந்த வேலையைச் செய்யக் கூடாது. உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழுவும் கூட்டுப்புழுவும், ரவை சிந்தியது போல. அது கிளைதான். ஒயர் போகும் பிவிசி குழாய் ஒருபுறம் கூடத்து விசிறிக்குப் போகிறது, தூளிக்கு வந்த வழி அது. மறுபுறம் மேற்குப் பக்க டக்ட்டில் மூடியில்லாத ஒரு சந்திப்புப் பெட்டியில் போய்த் திறக்கிறது.

டக்ட்டுக்குள் டார்ச் அடித்தபோது 3பி குளியலறைச் சுவர் முழங்கால் உயரத்துக்குப் பாசி படிந்து கறுத்திருந்தது. கழிவுக் குழாய் இணைப்பில் கசிவு. எத்தனை மாதமாக என்று பாசியைக் கேட்டால்தான் தெரியும். இந்த எறும்புக்கு வேண்டியது கதகதப்பும் ஈரமும். சென்னையில் கதகதப்புக்குப் பஞ்சமில்லை. ஈரம்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது. 3ஏ குளியலறையும் 2பி குளியலறையும் இதே டக்ட்டில்தான் முதுகு காட்டி நிற்கின்றன. பரவிய மூன்று வீட்டுக்கும் பொதுவாக இருந்தது இதுதான். 2பி-யின் மீன் அல்ல. செயலாளரைக் கூட்டிவந்து காட்டினேன். வெகுநேரம் எட்டிப் பார்த்தார். பிறகு, "குரூப்ல நானே எழுதிடறேன்" என்றார்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இந்த வேலையில் நான் பார்த்தவரை, எறும்பு கான்கிரீட்டைத் துளைத்ததில்லை. நாம் விட்டுவைத்த ஓட்டையை நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். சுவரை உடைத்துக் கூட்டைத் தேடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். உடைத்தால் மறுபடி பிரியும்.

தீனி

கூட்டைத் தேடி நாம் போவதற்குப் பதில், விஷத்தை எறும்பே கூட்டுக்குச் சுமந்து போகும்படி செய்ய வேண்டும். இதில் சூட்சுமம் விஷம் மெதுவாக வேலை செய்வதில் இருக்கிறது. 100 மில்லி தண்ணீர், 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் அமிலம். ஒரு சதவீதம்தான். கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் சாகும் என்று நினைத்து மூன்று ஸ்பூன் கொட்டுகிறவர்கள் உண்டு. அப்போது சுமந்து போகிறவள் வழியிலேயே செத்துவிடுவாள், அல்லது தொடவே மாட்டாள். நின்று நிதானமாகக் குடித்து, கூட்டில் போய்ப் புழுவுக்கும் ராணிக்கும் வாயோடு வாய் ஊட்டிவிட்டுத்தான் சாக வேண்டும். கேரம் போர்டில் தூவும் பவுடர் இதேதான் என்று பலர் சொல்வார்கள். முன்பு பெரும்பாலும் அப்படித்தான். இப்போது கேரம் பவுடர் என்று வேறு மாவும் வருகிறது, டப்பாவில் போரிக் அமிலம் என்று அச்சிட்டிருக்கிறதா பார்த்து வாங்க வேண்டும்.

பஞ்சில் நனைத்து, பக்கவாட்டில் ஓட்டை போட்ட மூடி டப்பாக்களில் வைத்து, கோடு போகிற வழியிலேயே வைத்தோம். குழந்தையின் கைக்கும் பூனையின் வாய்க்கும் எட்டாத இடம், சாப்பாட்டுச் சாமானுக்கு அருகில் இல்லை, சுவிட்ச் பலகைக்குள் சொட்டு ஈரம் போகக் கூடாது. அங்கே மட்டும் ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்து கலந்த ஜெல்லை அரிசி அளவுக்குப் பலகையின் வெளிவிளிம்பில் வைத்தேன். இந்த எறும்புக்கு இனிப்பு சலித்துவிடும், சில நாள் கொழுப்பும் புரதமும்தான் கேட்கும். அதனால் நான்கு நாளைக்கு ஒருமுறை பாதி டப்பாக்களில் போரிக் அமிலம் பிசைந்த கடலை விழுதாக மாற்றினோம்.

முன்கூட்டியே எல்லா வீட்டிலும் சொல்லியிருந்தேன்: முதல் மூன்று நாள் எறும்பு பல மடங்கு வரும், பார்த்துப் பயப்படாதீர்கள், துடைக்காதீர்கள், ஃபினாயில் ஊற்றாதீர்கள். சொன்னபடியே வந்தது. இரண்டாம் நாள் இரவு 3ஏ அக்காவுக்குப் பொறுக்கவில்லை. டப்பாவைச் சுற்றி எறும்பு சாக்பீஸில் வட்டம் போட்டுவிட்டார். எறும்பு வட்டத்தைத் தாண்டவில்லை, தீனிக்கும் வரவில்லை, மறுநாள் குளியலறைக் கதவிடுக்கில் புதுக் கோடு. ஒரு வாரம் வீண். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சமையலறை மேடையில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது, அதுவும் காசு கொடுத்த பிறகு, யாருக்கும் கஷ்டம்தான். மஞ்சள், கிராம்பு, கற்பூரம் எல்லாமே இந்தச் சாக்பீஸின் உறவுக்காரர்கள். கோடு வளையும், கூடு அப்படியே இருக்கும்.

மாமி வீட்டில் ஒன்பதாம் நாள் கோடு மெலிந்தது, மூன்றாம் வாரம் நின்றது. "முடிஞ்சுதா?" என்றார். இல்லை. இந்தக் காலநிலையில் முட்டையிலிருந்து வேலைக்கார எறும்பு வெளிவர ஏறக்குறைய 38 நாள் ஆகும். சுவருக்குள் கூட்டுப்புழுவாக இருக்கிறவை தீனி சாப்பிடுவதில்லை, வளர்ந்து வந்த பிறகுதான் சாப்பிடும். அதனால் டப்பாவை எடுக்கவில்லை. ஆறாம் வாரம் 2பி-யில் மறுபடி பத்துப் பதினைந்து தலை காட்டின. டப்பாவில் புதுப் பஞ்சு வைத்தோம். பத்தாம் வாரம், மார்கழி பிறந்த கையோடு, மூன்று வீட்டிலும் மறுபடி 24 கார்டு வைத்தேன். உள்ளே ஒன்றில்கூட இல்லை.

கீழே நடந்த இன்னொரு கதை

நெருப்பெறும்பு வீட்டு எறும்பல்ல, மண் எறும்பு. மெக்சிகோவிலிருந்து பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியக் கப்பல்களில் ஏறி உலகம் சுற்றியது என்று மரபணு ஆராய்ச்சி சொல்கிறது. காம்பவுண்டு ஓரம் கூடு கட்டியிருந்ததை மழைநீர் நனைத்ததும், மேடு தேடிக் கார் நிறுத்தத்துக்கு வந்துவிட்டது. 'எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை பெய்யும்' என்பது நம் பழமொழி. அது தூக்கிப்போவதில் பெரும்பகுதி முட்டையல்ல, புழுவும் கூட்டுப்புழுவும்தான். பழமொழிக்கு அதனால் குறைவில்லை. மடிப்பாக்கத்தில் திட்டு என்றால் ஒவ்வொரு கட்டடத்தின் பீடமும் திட்டுதான்.

ஆபத்து கடியை விட மின்பலகையில். ஓர் எறும்பு மின்முனையில் மாட்டிச் செத்தால், சாகும்போது வெளியிடும் எச்சரிக்கை வாடை மற்றவற்றை அங்கேயே கூட்டிவரும். அவையும் சாகும், இன்னும் வரும். சம்ப் மோட்டாரின் ஸ்டார்ட்டர் இரண்டு முறை எரிந்ததாகச் செயலாளர் நோட்டில் இருந்தது. திறந்து பார்த்தால் மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் முனைகளுக்கு நடுவே கருகிய எறும்புத் தூள். மீட்டர் பலகையை ஈபி ஆட்கள் வந்து திறந்து சுத்தம் செய்தார்கள், ஒயர் நுழைகிற வாய்களை மூடினார்கள். மண் கூடுகளைச் சுற்றி குருணைத் தீனி போட்டேன், மழை இல்லாத நாள் பார்த்து. வாட்ச்மேன் அண்ணனிடம் ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னேன்: கடித்த இடம் எரிந்து வீங்கினால் ஐஸ் வைங்கண்ணே; மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ யோசிக்காமல் 108-க்கு அடிங்க.

அந்த வாரம் இன்னொரு பீதியும் வந்தது. டியூப் லைட்டைச் சுற்றி ஆயிரக்கணக்கில் றெக்கை. "எறும்புக்கு றெக்கை முளைச்சிடுச்சு!" அது ஈசல், கரையான் வம்சம். நான்கு இறகும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்கவில்லை, உணர்கொம்பு வளையாமல் மணி கோத்தது போல் நேராக இருக்கும். றெக்கை எறும்புக்கு ஒட்டிய இடுப்பு, முழங்கை மாதிரி மடங்கிய உணர்கொம்பு, முன்னிறகு பெரிது. கட்டும்போது ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதிப்படி கரையான் மருந்து போட்டாயிற்று, அப்புறம் எறும்பு எப்படி என்றும் கேட்டார்கள். அது அஸ்திவார மண்ணுக்கு, கரையானுக்கு. மூன்றாம் மாடிச் சுவருக்குள் குடியிருக்கிற எறும்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கட்டடத்தில் மாற்றியவை

மருந்துக்கு ஆன செலவைவிடப் பிளம்பருக்கு ஆனது அதிகம். அப்படித்தான் இருக்க வேண்டும். 3பி-யின் கழிவு இணைப்பை மாற்றினார்கள். ஒயர்க் குழாய் வாய்களையும், சிங்க் குழாய் சுவருக்குள் நுழையும் வளையங்களையும் சிலிகான் வைத்து மூடினோம். ஆனால் இதைத் தீனி வேலை முடிந்த பிறகுதான் செய்தோம். முதலிலேயே மூடினால் எறும்பு வேறு வழி தேடும், தீனி கூட்டுக்குப் போகாது. சந்திப்புப் பெட்டிக்கு மூடி போட்டாயிற்று. கட்டடச் சுவருக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவே விரல் அகலத்துக்கு விரிந்திருந்த இடைவெளியைக் கலவை வைத்து அடைத்தார் கொத்தனார்.

செம்பருத்தியை வெட்டச் சொல்லவில்லை. சுவரைத் தொடும் கிளைகளை மட்டும் ஓரடி தள்ளிக் கழித்தோம், மாவுப்பூச்சி அப்பிய நுனிகளைப் பைக்குள் போட்டுக் கட்டினோம். மாவுப்பூச்சி கசியும் இனிப்பு நீருக்காகத்தான் கறுப்பு எறும்பு அங்கே மாடு மேய்ப்பது போல் மேய்த்துக்கொண்டிருந்தது. எல்லோரும் மறந்தது கேபிள். முருங்கைக் கிளை மேல் சாய்ந்து மூன்றாம் மாடி ஜன்னலுக்குப் போகிற கேபிள் டிவிக் கம்பி ஒன்று, யாரும் பயன்படுத்தாத பழசு. மாடிக்குப் போட்ட பாலம். அறுத்துவிட்டோம்.

கோலம் பற்றி ஒரு விவாதம் நடந்தது. வாசலில் அரிசி மாவுக் கோலம் போடுவதால்தான் எறும்பு என்று ஒருவர், கல் மாவில் போடச் சொல்லுங்கள் என்று இன்னொருவர். மாமி என் முகத்தையே பார்த்தார். எறும்புக்குப் போடுவதற்குத்தானே அரிசி மாவு. அதை நிறுத்தச் சொல்கிற தைரியம் எனக்கில்லை, தேவையும் இல்லை. கட்டடப் படியில் போடாமல் தெருவாசல் கேட்டுக்கு வெளியே போடச் சொன்னேன். மார்கழி முழுக்க அங்கே பெரிய பெரிய கோலம்.

பொங்கல் கழித்து மாமி ஒரு போட்டோ அனுப்பினார். மொட்டை மாடியில் சர்க்கரைப் பொங்கல் சிந்திய இடத்தில் கறுப்பாக ஒரு கூட்டம். கூடவே குரல் செய்தி: "இது அதுவா, இதுவா?" இதுதான் மாமி, பிள்ளையார் எறும்பு. சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றேன். 2ஏ வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் அந்தக் குளியலறையை இன்னும் திறந்து பார்க்க முடியவில்லை. அதுவும் அதே டக்ட்டில்தான் இருக்கிறது. அவர் வரும்வரை டக்ட்டில் இரண்டு டப்பாக்களை வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை பஞ்சு மாற்றுவது வாட்ச்மேன் அண்ணன் பொறுப்பு.